கணக்கு வகுப்பில் பின்வரிசையில் உட்காராதீர்கள்: தொடக்கப் பள்ளி உற்றுநோக்கலுக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி: டி.எல்.எட். (தொடக்கக் கல்வி ஆசிரியர் பட்டயப் படிப்பு) முதலாமாண்டு படிக்கிறேன். அடுத்த வாரம் ஓர் அரசு தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்புக் கணக்குப் பாடத்தை இரண்டு நாள் உற்றுநோக்கி அறிக்கை தர வேண்டும். எதைப் பார்ப்பது, எப்படிக் குறிப்பெடுப்பது? சீனியர்களின் அறிக்கைகளைப் பார்த்தேன், எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன.

பதில்:

அவை ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணம், எழுதியவர்கள் எல்லாரும் பாடவேளை முழுக்க ஆசிரியரையே பார்த்துக்கொண்டிருந்ததுதான். "ஆசிரியர் பாடத்தை ஆர்வமூட்டித் தொடங்கினார், துணைக்கருவிகளைப் பயன்படுத்தினார், மாணவர்கள் மகிழ்ச்சியுடன் பங்கேற்றனர்" என்று நாலு வரி. இதை வகுப்புக்கே போகாமலும் எழுதிவிடலாம். கணக்கு வகுப்பில் நீங்கள் பார்க்க வேண்டியவை பிள்ளையின் விரல், உதடு, சிலேட்டு இந்த மூன்றும்தான். விடை சரியா தப்பா என்பது பிற்பாடு நோட்டைப் புரட்டினாலும் தெரிந்துவிடும். அந்த விடை எந்த வழியாக வந்தது என்பது, வந்த நேரத்தில் பக்கத்தில் இருந்து பார்த்தவருக்குத்தான் தெரியும்.

முந்தின நாளே ஆசிரியரிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு எந்தப் பக்கம், பாடவேளை முடியும்போது பிள்ளைகள் எதைத் தாங்களாகவே செய்ய வேண்டும், எந்த இடத்தில் தடுமாறுவார்கள் என்று எதிர்பார்க்கிறார். இந்த மூன்றாவது கேள்விக்கு அனுபவமுள்ள ஆசிரியர் சொல்லும் பதிலிலேயே பாதி உற்றுநோக்கல் இருக்கிறது. இன்னொன்றையும் கேளுங்கள். 2022 ஜூனில் தமிழ்நாட்டில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில், பிள்ளைகளின் கற்றல் நிலையை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பார்க்கிறார்கள். ஆகவே இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் எல்லாரும் இரண்டாம் வகுப்புக் கணக்கைச் செய்துகொண்டிருக்க மாட்டார்கள். யார் எந்த நிலை என்று தெரியாமல் போனால், அரும்பு நிலைப் பிள்ளை ஒற்றை இலக்கக் கூட்டல் போடுவதைப் பார்த்து "பின்தங்கிய மாணவர்" என்று எழுதிவிடுவீர்கள். அந்தப் பிள்ளை தனக்குக் கொடுத்த வேலையைத்தான் செய்கிறது. அளவுகோல் ஒன்று வேண்டுமென்றால், 2021இல் மத்திய அரசு தொடங்கிய நிபுண் பாரத் என்ற அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுத் திட்டத்தின் இலக்கு இருக்கிறது. இரண்டாம் வகுப்பு முடிவில் 999 வரை எண்களைப் படித்து எழுத வேண்டும், 99 வரையுள்ள எண்களைக் கழிக்கத் தெரிய வேண்டும்.

உட்காரும் இடம் பற்றி. உற்றுநோக்குபவர் பின்வரிசையில் நாற்காலி போட்டு உட்காருவது வழக்கமாகிவிட்டது. அங்கிருந்து தெரிவது முதுகுகளும் கரும்பலகையும் ஆசிரியரின் முகமும்தான். முன்பக்கம், ஓரமாக, பிள்ளைகளின் முகம் தெரியும்படி உட்காருங்கள். பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருந்தால் நீங்களும் தரையில் உட்காருங்கள். நாற்காலியில் இருந்தால் கீழே மடியில் இருக்கும் சிலேட்டு தெரியாது, பிள்ளைகளும் அடிக்கடி நிமிர்ந்து உங்களைப் பார்ப்பார்கள். முதல் ஐந்து நிமிடம் அப்படித்தான் பார்ப்பார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். அதனால் பாடம் தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பே போய் உட்கார்ந்துவிடுவது நல்லது.

அந்தப் பத்து நிமிடத்தில் இருக்கை வரைபடம் ஒன்று போடுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிறு கட்டம். பாடவேளையில் ஆசிரியர் பெயர் சொல்லிக் கேட்கும்போதெல்லாம் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. பலகைக்கு அழைத்தால் ஒரு வட்டம். பாடம் முடிந்து பார்த்தால் கோடுகள் நாலைந்து கட்டங்களில் குவிந்திருக்கும், சில கட்டங்கள் வெறுமையாகவே இருக்கும். ஆசிரியரிடம் நயமாகக் காட்ட முடிகிற, அவரும் மறுக்க முடியாத குறிப்பு இது. பல ஆசிரியர்களுக்கு இப்படி நடக்கிறது என்பதே தெரியாது.

முப்பது பிள்ளைகளையும் கவனிக்க முடியாது. மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள். ஆசிரியர் கை காட்டும் "நல்லா படிக்கிற" மூன்று பேர் வேண்டாம். அடிக்கடி பதில் சொல்பவர் ஒருவர், நடுவரிசையில் சத்தமில்லாமல் இருப்பவர் ஒருவர், கீழ்நிலைக் குழுவில் இருப்பவர் ஒருவர். பெயர் எழுத வேண்டாம். அ, ஆ, இ என்று குறித்துக்கொள்ளுங்கள். புகைப்படமும் காணொளியும் அனுமதி இல்லாமல் எடுக்கவே கூடாது, அறிக்கைக்கு அவை தேவையும் இல்லை.

குறிப்பேட்டுப் பக்கத்தில் செங்குத்தாகக் கோடு போட்டு மூன்றாகப் பிரியுங்கள். ஒடுக்கமான முதல் பத்தியில் நேரம். நடுவில் நடந்தது, பேச்சு இருந்தால் பேசியபடியே. கடைசியில் உங்களுக்குத் தோன்றியது. நடுப்பத்தியில் "ஆர்வமாக", "நன்றாக", "குழப்பத்துடன்" போன்ற சொற்களுக்கு இடமே கொடுக்காதீர்கள். "குழப்பத்துடன் பார்த்தான்" என்பது உங்கள் ஊகம். "பென்சிலைக் கடித்தான், பக்கத்துப் பையன் நோட்டை இரண்டு முறை பார்த்தான், பிறகு 7 எழுதினான்" என்பது நடந்தது. கடன் வாங்கிக் கழிக்கும் பாடத்தில் எடுக்கும் குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி தருகிறேன்.

10.52: ஆசிரியர் பலகையில் 43, அதன் கீழே 18 எழுதுகிறார். "மூணுல இருந்து எட்டு போகுமா?" வகுப்பு: "போகாது மிஸ்!" "அப்ப என்ன செய்வோம்?" "கடன் வாங்குவோம்!"

10.53: 4ஐ அடித்து 3 என்றும், ஒன்றின் இடத்துக்கு மேல் 13 என்றும் எழுதுகிறார். பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிக் கட்டுகள் மேசையில் இருக்கின்றன, தொடவில்லை. "நீங்களே போடுங்க."

10.54: இ, சிலேட்டில் 43, 18 எழுதுகிறாள். எட்டு விரல் நீட்டி மூன்றை மடக்குகிறாள். 5 எழுதுகிறாள். விரல் இல்லாமல் 3 எழுதுகிறாள். விடை 35. அடித்தல் எதுவும் இல்லை.

10.56: ஆசிரியர் பலகையில் 25 என்று முடிக்கிறார். "எல்லாருக்கும் இருபத்தஞ்சு வந்துச்சா?" "வந்துச்சு மிஸ்!" இ, எச்சில் தொட்டு 35ஐ அழித்து 25 எழுதுகிறாள்.

10.57க்கு உள்ளே வருகிறவருக்கு எல்லாச் சிலேட்டிலும் 25 தெரியும். 10.54க்கு இ-யின் சிலேட்டைப் பார்த்தவருக்கு வேறொன்று தெரிந்திருக்கும். இந்தப் பிள்ளை எட்டிலிருந்து மூன்றையும், நாலிலிருந்து ஒன்றையும் கழித்திருக்கிறாள். எந்த இலக்கம் பெரியதோ அதிலிருந்து சின்னதை எடுத்துவிடுவது. இது கவனக்குறைவு கிடையாது, ஒரு விதி. "மூணுல இருந்து எட்டு போகாது" என்று அன்றாடம் கூட்டமாகச் சொல்லிச் சொல்லி, "அப்படியானால் எட்டிலிருந்து மூன்று போகும்" என்று அவளே கட்டிக்கொண்ட விதி. உலகம் முழுக்க இந்த வயதுப் பிள்ளைகளிடம் காணப்படும் தவறுதான் இது. மூன்றாவது பத்தியில் நீங்கள் எழுத வேண்டியது: "கூட்டமாகச் சொன்ன 'போகாது' என்பதைத் தனியாகச் செய்யும்போது பயன்படுத்தவில்லை. 43 என்பது 4 கட்டு, 3 உதிரி என்று பார்க்கிறாளா, அல்லது 4, 3 என்று இரண்டு தனி எண்களாகப் பார்க்கிறாளா? பிறகு கேட்க வேண்டும்."

கழித்தல் பாடத்தில் ஆசிரியர் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார் என்பதையும் கவனியுங்கள். பாடநூல் 'இனமாற்றம்' என்கிறது, வகுப்பில் 'கடன் வாங்குதல்' என்பார்கள். சொல் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, அதோடு கை என்ன செய்கிறது என்பதே கேள்வி. "மூணு குச்சிதான் உதிரியா இருக்கு. எட்டு குச்சி எடுக்கணும். எங்க இருந்து எடுக்கலாம்?" என்று கேட்டு, ஒரு கட்டின் ரப்பர் பேண்டைப் பிள்ளையே கழற்றி, பத்தையும் மூன்றையும் சேர்த்து 13 என்று எண்ணியிருந்தால், பலகையில் மேலே எழுதும் அந்தச் சின்ன 13க்கு ஓர் ஆதாரம் கிடைத்திருக்கும்.

விரல்களுக்கு வருகிறேன். ஒரே கூட்டல், 8 + 5. ஒரு பிள்ளை எட்டு எண்ணி, ஐந்து எண்ணி, மறுபடி எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து எண்ணும். இது முழுதும் எண்ணுதல். இன்னொரு பிள்ளை நம் வகுப்புகளில் சொல்லித்தருகிறபடி "எட்டு மனசுல, அஞ்சு விரல்ல" என்று ஒன்பது, பத்து என்று தொடரும். இது தொடர்ந்து எண்ணுதல். மூன்றாவது பிள்ளை ஐந்தில் இரண்டைப் பிரித்து எட்டோடு சேர்த்துப் பத்தாக்கி, மீதி மூன்று, பதின்மூன்று என்று சொல்லும். நான்காவது பிள்ளைக்கு விடை நினைவிலேயே இருக்கும். நான்கு பேர் நோட்டிலும் 13தான் இருக்கும். ஆனால் 48 + 5 என்று வரும்போது முதல் பிள்ளை மூழ்கிப்போகும், மூன்றாவது பிள்ளை கண்ணிமைக்கும் நேரத்தில் 53 என்று சொல்லும். குறிப்பேட்டில் மு, தொ, ப, நி என்று ஒற்றை எழுத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நாற்பது நிமிடத்தில் உங்கள் மூன்று பிள்ளைகளுக்கும் பத்து பத்துக் குறிகள் சேர்ந்தாலே போதும், படம் தெளிவாகிவிடும்.

"மனசுல, விரல்ல" முறையில் அடிக்கடி வரும் பிசகு ஒன்று. எட்டை மனதில் வைத்த பிள்ளை, முதல் விரலுக்கே "எட்டு" என்று சொல்லிவிடும். எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. விடை 12. ஒரு பிள்ளையின் கூட்டல் விடைகள் தொடர்ந்து ஒன்று குறைவாக வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான், கூட்டல் தெரியாததல்ல. எண்கோட்டில் தாவும்போதும் இதே பிசகு வரும்: நிற்கும் கட்டத்தையே முதல் தாவலாக எண்ணிவிடுவார்கள்.

விரல் எண்ணுவதில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்றையும் தெரிந்து வைத்துக்கொண்டு போங்கள். விரலை மடக்காமல், கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணும் பிள்ளைகள் உண்டு. பாட்டி தாத்தாவிடம் கற்றது. விரலுக்கு மூன்று கணு, நான்கு விரலில் பன்னிரண்டு. சிலர் நுனியையும் சேர்த்து விரலுக்கு நான்கு என்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கை சும்மா இருப்பது போலத் தெரியும், "மனக்கணக்காகச் செய்தாள்" என்று எழுதிவிடுவீர்கள். கட்டைவிரலைப் பாருங்கள்.

எண்ணிக்கையைப் பார்க்கும்போது எண்பெயரைச் சொல்வது வேறு, எண்ணுவது வேறு என்பதை மனதில் வையுங்கள். ரோஷல் கெல்மன், கேலிஸ்டல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978இல் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஓர் எண்பெயர்தான். எண்பெயர்களின் வரிசை மாறக் கூடாது. கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தம். எந்தப் பொருளையும் எண்ணலாம். எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினாலும் மொத்தம் மாறாது. முதல் வகுப்பில் இந்த ஐந்தையும் தனித்தனியாகப் பார்க்கலாம். நூறு வரை மணி மணியாகச் சொல்லும் பிள்ளை, பதினைந்து புளியங்கொட்டையை எண்ணும்போது வாய் ஓடும் வேகத்துக்குக் கை ஓடாமல் பதினெட்டு என்று சொல்வதுண்டு. எண்ணி முடித்த பிள்ளையிடம் "மொத்தம் எத்தனை?" என்று கேட்டால் மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினால், கடைசி எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை என்று பொருள்.

தமிழ் எண்பெயர்கள் பிள்ளைக்கு எங்கே கைகொடுக்கின்றன, எங்கே காலை வாருகின்றன என்பதையும் காதைத் தீட்டிக் கேளுங்கள். பதினான்கு என்பதில் பத்து முன்னால், நான்கு பின்னால். எழுதுவதும் அதே வரிசைதான். ஆங்கில வழிப் பிரிவில் 'ஃபோர்ட்டீன்' என்று நான்கை முதலில் கேட்கும் பிள்ளை 41 என்று எழுதுவதும், தர்ட்டீனையும் தர்ட்டியையும் ஒன்றாகக் கேட்பதும் சாதாரணம். அரசுப் பள்ளி ஆங்கில வழிப் பிரிவுகளில் பிள்ளை சத்தமாக ஆங்கிலத்திலும் முணுமுணுப்பாகத் தமிழிலும் எண்ணலாம். எந்த மொழியில் முணுமுணுக்கிறது என்று குறியுங்கள், சிந்தனை அந்த மொழியில்தான் நடக்கிறது.

தமிழ் காலை வாரும் இடம் ஒன்பது. இருபது, முப்பது, நாற்பது, எண்பது எல்லாம் பத்தின் மடங்குகள். அதே ஓசையில் முடியும் ஒன்பது மட்டும் ஒற்றை இலக்கம். தொண்ணூறில் 'நூறு' கேட்கிறது, ஆனால் அது நூறுக்குக் கீழே. தொள்ளாயிரத்தில் 'ஆயிரம்' கேட்கிறது, ஆனால் அது நூறுகளில் ஒன்று. எண்ணூறு 800, தொண்ணூறு 90. காதுக்கு இரண்டும் ஒரே தரத்து எண்கள்போல இருக்கும். அதனால் எண்பத்தொன்பதுக்கு அடுத்து நூறுக்குத் தாவுவது, "இருபத்தொன்பது, இருபத்திப்பத்து" என்று போவது, தொண்ணூற்று மூன்று என்றால் 903 எழுதுவது எல்லாம் நடக்கும். "நூற்று ஐந்து" என்றால் 1005 எழுதும் பிள்ளை கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறது: நூறு எழுதி, ஐந்து எழுதுகிறது. தவறை அப்படியே பதிவு செய்யுங்கள், 'தவறு' என்று மட்டும் எழுதினால் இந்தத் தடயம் போய்விடும்.

வகுப்பே சேர்ந்து எண் வரிசை சொல்லும் நேரம் உற்றுநோக்குபவருக்கு நல்ல வாய்ப்பு. சத்தத்தைக் கேட்காதீர்கள், உதடுகளைப் பாருங்கள். 29, 39, 49 வரும் இடங்களில் சில உதடுகள் நின்று, மற்றவர்கள் முப்பது என்று சொல்லத் தொடங்கியபின் சேர்ந்துகொள்ளும். அரை நொடி தாமதம்தான். முதல் வரிசையில் நாலு பேர் இழுக்கும் தேர் அது, மற்றவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். "புரிஞ்சுதா?" என்ற கேள்விக்கு வரும் "புரிஞ்சுது மிஸ்!" என்பதும் இந்த வகைதான். எத்தனை முறை கேட்கப்பட்டது என்று எண்ணி வையுங்கள், அதைப் புரிதலுக்குச் சான்றாக மட்டும் எழுதாதீர்கள்.

கடிகாரத்தில் நொடி முள் இருந்தால் இன்னொரு அளவும் எடுக்கலாம். ஆசிரியர் கேள்வி கேட்டு முடித்ததிலிருந்து, அவரே பதில் சொல்வதற்கோ அடுத்த பிள்ளைக்குப் போவதற்கோ எத்தனை நொடி? அமெரிக்காவில் மேரி பட் ரோ என்பவர் 1970களில் அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தபோது, பெரும்பாலும் ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள். முழுதும் எண்ணும் பிள்ளைக்கு 8 + 5 முடிக்க மூன்று நொடிகூடப் போதாது. பத்துக் கேள்விகளுக்கு நேரம் குறித்தால் போதும்.

பிள்ளை தப்பாகச் சொன்னதும் ஆசிரியர் என்ன செய்கிறார்? "உட்கார், நீ சொல்லு" என்று அடுத்தவரிடம் போகலாம், சரியான விடையைத் தானே சொல்லிவிடலாம், "எப்படி வந்துச்சு, சொல்லு பார்ப்போம்" என்று கேட்கலாம், குச்சியையோ மணிச்சட்டத்தையோ பிள்ளையின் கையில் கொடுக்கலாம். ஒவ்வொன்றையும் எண்ணி எழுதுங்கள். "எப்படி வந்துச்சு" என்பது தப்பான விடைக்கு மட்டும் கேட்கப்படுகிறதா, சரியான விடைக்கும் கேட்கப்படுகிறதா என்பதையும் பாருங்கள். தப்புக்கு மட்டும் கேட்டால், அந்தக் கேள்வி வந்ததுமே விடையை மாற்ற வேண்டும் என்று பிள்ளைகள் கற்றுக்கொண்டுவிடுவார்கள்.

துணைக்கருவி பற்றி எழுதும்போது "பயன்படுத்தினார்" என்று நிறுத்தாமல், யார் கையில் இருந்தது, எத்தனை இருந்தது, எவ்வளவு நேரம் என்று எழுதுங்கள். ஆசிரியர் தூக்கிக் காட்டிய ஒரு மணிச்சட்டமும், இரண்டு பேருக்கு ஒன்று என்று பிள்ளைகள் கையில் இருந்த ஐம்பது குச்சிகளும் ஒன்றல்ல. கட்டுகளைப் பிள்ளைகளே பத்துப் பத்தாக எண்ணிக் கட்டினார்களா, கட்டித் தரப்பட்டதா? தயாராகக் கட்டித் தந்தால் அதற்குள் பத்து இருக்கிறது என்பதைப் பிள்ளை நம்ப வேண்டியிருக்கிறது. ஒரு கட்டில் ஒன்பதோ பதினொன்றோ இருந்தால் கழித்தலின் முடிவே மாறிப்போகும், இது சாதாரணமாக நடக்கும். ஆணிமணிச்சட்டத்தில் சிக்கல் இன்னும் ஒரு படி மேலே. குச்சிக் கட்டைப் பிரித்தால் பத்துக் குச்சி கண்ணுக்குத் தெரியும். மணிச்சட்டத்தில் பத்தின் ஆணியில் இருக்கும் மணியும் ஒன்றின் ஆணியில் இருக்கும் மணியும் ஒரே அளவு. பத்தின் ஆணியில் ஒரு மணியை எடுத்துவிட்டு ஒன்றின் ஆணியில் பத்து மணிகளைப் போட வேண்டும் என்பது ஏற்கெனவே புரிந்தவருக்குத்தான் புரியும். எனவே கட்டு, உதிரி முதலில், மணிச்சட்டம் அடுத்து, எழுத்துக் கணக்கு கடைசி என்ற வரிசையில் நடக்கிறதா என்று பாருங்கள். பத்து ரூபாய்த் தாளும் ஒரு ரூபாய்க் காசும் இடையில் நல்ல பாலம். கடைக்குப் போய்வரும் பிள்ளைக்குச் சில்லறை மாற்றுவது தெரியும்.

வாழ்க்கைக் கணக்குகள் நடந்தால், பிள்ளை கணக்கைப் படிக்கிறதா அல்லது ஒரு சொல்லைத் தேடுகிறதா என்று பாருங்கள். 'மொத்தம்' என்றால் கூட்டு, 'மீதி' என்றால் கழி என்று சொல்லிக்கொடுத்தால் முதல் பத்துக் கணக்கு சரியாக வரும். பிறகு "கவினிடம் 8 கோலி, மலரிடம் 5 கோலி. கவினிடம் எத்தனை கோலி அதிகம்?" என்று வந்ததும், 'அதிகம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு 13 என்பார்கள். எடுத்துவிடுவது, ஒப்பிடுவது, இன்னும் எவ்வளவு வேண்டும் என்று கண்டுபிடிப்பது, இந்த மூன்றும் கழித்தல்தான். அந்தப் பாடவேளையில் எந்த வகை எத்தனை வந்தது என்று எண்ணுங்கள். பெரும்பாலும் முதல் வகையே நிறைந்திருக்கும்.

பலகையைத் தொடக்கம், நடு, முடிவு என மூன்று முறை அப்படியே நகலெடுங்கள். 23 + 5ஐ மேலும் கீழுமாக எழுதும்போது 5 எந்த இலக்கத்துக்குக் கீழே வந்தது? 5 + 3 = 8 + 2 = 10 என்று சமக்குறி தொடர்ந்து ஓடியதா? அப்படி ஓடினால் சமக்குறியைப் பிள்ளைகள் "விடை இதோ" என்ற அடையாளமாக எடுத்துக்கொள்வார்கள். பிற்பாடு 8 + 4 = ☐ + 5 என்று கொடுத்தால் கட்டத்தில் 12 எழுதுவார்கள். சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகள் எழுதும் பலகை இருந்தால் அதையும் படியுங்கள்.

ஈராசிரியர் பள்ளியாக இருந்தால் ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறையில் இருக்கலாம். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்தான். அங்கே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஆசிரியர் எந்தக் குழுவிடம் இருக்கிறார், மற்ற குழுக்கள் என்ன செய்கின்றன என்று ஒரே வரியில் குறித்தால் போதும்.

பாடம் முடிந்ததும், ஆசிரியரிடம் அனுமதி கேட்டு, மூன்று பிள்ளைகளிடமும் தனித்தனியாக ஐந்து நிமிடம் பேசுங்கள். பதினாறு புளியங்கொட்டையும் ஒரு தாளும் போதும். எண்ணச் சொல்லுங்கள், எண்ணியதை எழுதச் சொல்லுங்கள். 16 எழுதியதும் 6ஐ வட்டமிட்டு, "இதுக்கு எத்தனை கொட்டைன்னு காட்டு" என்று கேளுங்கள். ஆறு காட்டும். பிறகு 1ஐ வட்டமிட்டு அதே கேள்வி. பல பிள்ளைகள் ஒரே ஒரு கொட்டையைத்தான் காட்டும். மீதி ஒன்பது கொட்டை நடுவில் அநாதையாகக் கிடக்கும், பிள்ளைக்கு அதில் எந்த உறுத்தலும் இருக்காது. இடமதிப்புப் பட்டியலில் 'பத்து 1, ஒன்று 6' என்று சரியாக நிரப்பிய பிள்ளையும் இதைச் செய்யும்.

இந்த ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொடுக்கக் கூடாது, தலையாட்டக் கூடாது, "சரியா?" என்று கேட்கக் கூடாது. கேட்ட மறுகணமே பிள்ளை விடையை மாற்றிவிடும். "ம், சொல்லுப்பா", "எப்படித் தெரிஞ்சுதுன்னு சொல்லும்மா" இவ்வளவு போதும். பிள்ளை தப்பாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது கஷ்டம்தான். ஆனாலும் நீங்கள் திருத்திவிட்டால் ஆசிரியருக்குத் தெரிய வேண்டியது தெரியாமல் போய்விடும்.

அன்று மாலையே குறிப்பை விரித்து எழுதிவிடுங்கள். ஒரு இரவு கடந்தால் சுருக்கெழுத்துகள் உங்களுக்கே புரியாது. எழுதியதை ஆசிரியரிடம் காட்டுங்கள், முதலில் நடுப்பத்தியை மட்டும். உங்கள் ஊகங்களைக் கேள்வியாகக் கேளுங்கள்: "இ முதல்ல 35 போட்டு அப்புறம் அழிச்சா டீச்சர், நீங்க முன்னாடி பார்த்திருக்கீங்களா?" முப்பது பிள்ளைகளையும் நாலு பதிவேடுகளையும் சமாளிப்பவருக்கு, அந்த இரண்டு நிமிடத்தில் ஒரு சிலேட்டைப் பார்க்க நேரம் இருந்திருக்காது. உங்களுக்கு இருந்தது. அந்த நிலையில் நின்று பேசினால் அவர் சொல்லும் பதில் உங்கள் அறிக்கையில் சேர்க்கத் தக்கதாக இருக்கும்.

இரண்டாம் நாள் வேறு பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்காதீர்கள், அதே மூவர்தான். முதல் நாள் கண்ட ஒவ்வொரு தவறுக்கும் ஒரு சோதனைக் கணக்கு தயாராக வைத்திருங்கள். இ-க்கு 61 − 24. விடை 43 என்று வந்தால் அவள் அதே விதியைத்தான் பயன்படுத்துகிறாள், நேற்றைய 35 கைத்தவறு அல்ல. அடுத்து ஆறு கட்டும் ஓர் உதிரியும் கையில் கொடுத்து, 24 எடுத்துத் தரச் சொல்லுங்கள். அவள் ரப்பர் பேண்டைக் கழற்றுகிறாளா என்று பாருங்கள். கழற்றி, மீதியை எண்ணி 37 என்று சொன்னால், தாளில் இருக்கும் 43ஐயும் எதிரில் இருக்கும் 37 குச்சியையும் பார்த்து என்ன சொல்கிறாளோ, அதை ஒரு சொல்கூட மாற்றாமல் எழுதுங்கள்.